மேற்குப் பார்த்த மேசை

ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்தை எப்படிச் சுகமாக அமைப்பது என்று உமையாளுக்குத் தெரியும். ஆகவே, அதை எப்படிக் கெடுப்பது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

காரைக்குடி, கோட்டையூர்ப் பக்கம் அவளுக்கு 'ரூம் போட்டுத் தர்ற உமையாள்' என்று பேர். கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கழுத்துப் பிடித்துப் போனவர்கள், குக்கர் சத்தத்துக்கு நடுவே மேலதிகாரியிடம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போனதும் அறையை அளக்க மாட்டாள், ஆளை அளப்பாள். ஸ்டூலில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் வரை, முழங்கை வரை, கண் வரை டேப்பைப் பிடிப்பாள். "சட்டை தைக்கவாத்தா வந்தே?" என்று கேலி செய்தவர்கள்கூட, அவள் போட்ட மேசையில் ஒரு நாள் வேலை பார்த்தபின் அடுத்த வீட்டுக்கு அவள் நம்பரைக் கொடுப்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரவேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது, திரையிலும் விழக் கூடாது. பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பின் வளைவுக்கு ஒரு தாங்கல் வேண்டும். பேசுகிற பேச்சு சுவரில் மோதித் திரும்பாமல் இருக்க, அறையில் கொஞ்சம் துணியும் பாயும் கிடக்க வேண்டும். அவள் வித்தை இவ்வளவுதான்.

சிகப்பி ஆச்சி போனில் கூப்பிட்டபோது அது இன்னொரு வேலை என்றுதான் உமையாள் நினைத்தாள்.

"எங்க வீட்டு அவுகளுக்கு முதுகுல ஆபரேசன் ஆயிருச்சுத்தா. மெட்ராசுல இருந்துக்கிட்டுத் தெனம் ஆபிஸ் போய்வர முடியாது. சித்திரை வரைக்கும் வீட்டுலேருந்து பாருங்கன்னு கம்பெனியில விட்டுருக்காக. அதுக்குள்ள வேலை நல்லா ஓடுதுன்னு காட்டணும். இல்லைன்னா சீட்டைக் கிழிச்சிருவாகளாம். நீதான் நல்லா ஒரு ரூம் போட்டுக் குடுக்கணும்."

"செஞ்சுருவோம் ஆச்சி. அவுக பேரு?"

"சத்தியமூர்த்தி."

கோட்டையூரில் சத்தியமூர்த்தி என்று ஒருவரா இருப்பார்? உமையாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்குள் நுழைந்து, உள்ளறையிலிருந்து "யாரு சிகப்பி?" என்ற குரலைக் கேட்டதும்தான் கையிலிருந்த டேப் நழுவித் தரையில் விழுந்தது.

அந்தக் குரலை அவள் கனவில்கூட மறந்ததில்லை.

கொரோனாவுக்கு முந்தைய மார்கழி அது. சென்னையில் ஒரு கம்பெனியில் உமையாள் வேலையில் இருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'உமா'. அப்பச்சிக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதம் காரைக்குடியில் அப்பச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று அவள் கேட்டாள். லீவு கேட்கவில்லை, வேலையைத்தான் கேட்டாள். நாற்பது பேர் இருந்த கூட்டத்தில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவள் மேலதிகாரியாக இருந்த சத்தியமூர்த்தி சொன்னார்: "எல்லாருக்கும்தான் அப்பா இருக்காரு, உமா. எல்லாரும் வீட்டுல உக்காந்துக்கிட்டா ஆபிஸ்ல யாரு உக்கார்றது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த வாரமே, அவள் திரைக்கு முன்னால் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பச்சி போய்விட்டார். அடுத்து வந்த பங்குனியில் உலகமே வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தது. அந்தக் கம்பெனியும்தான்.

அந்த மனிதர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். முடி பாதி நரைத்திருந்தது. "வாத்தா. வெயில்லயா வந்தே? சிகப்பி, அந்த ஃபேனை இங்குட்டுத் திருப்பு" என்றார். அவர் கண்ணில் அவளைத் தெரிந்ததற்கான ஒரு சின்ன அடையாளமும் இல்லை. கண்ணாடி போட்டு, முடியைக் குட்டையாக வெட்டியிருந்த உமையாள் அவருக்கு யாரோ ஒரு பெண். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. வெட்டியவனுக்குக் கத்தியாவது நினைவிருக்க வேண்டாமா?

சிகப்பி ஆச்சிக்கு எதுவும் தெரியாது. நகரத்தார் வீட்டுப் பெண் என்றதும் வழக்கம்போல, பங்காளி முறையா என்று பார்க்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். "எந்தக் கோயிலுத்தா நீங்க?"

"இளையாத்தங்குடி."

"அட, எங்கவுகளும் அதே கோயிலுதான்! அப்ப உனக்கு அண்ணன் முறை. என்னைய ஆச்சின்னு கூப்புடாத, அண்ணமிண்டின்னு கூப்புடு. நாத்தனா வந்து வீட்டைத் திருத்தப் போறா, நாங் கையைக் கட்டிக்கிட்டு நிக்கப் போறேன்."

"சரி அண்ணமிண்டி" என்று உமையாள் சிரித்தாள். வாய் சிரிப்பதற்கும் நெஞ்சு சிரிப்பதற்கும் சம்பந்தம் இல்லாத நேரங்கள் உண்டு.

அது பதினோரு புள்ளிக்குச் சொந்தமான வீடு. அதாவது பதினோரு குடும்பங்கள். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. அறைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முற்றமும், அதைச் சுற்றி ஓடுகிற பத்தியும், வெளிச்சுவரும் பொது. வெளிச்சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூடச் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பங்காளிகள் உட்பட எல்லாரும் சரி சொல்ல வேண்டும். சன்னலுக்கு மேலே தகரம் ஒன்று இறக்கலாமா என்று எப்போதோ ஒருவர் கேட்டது குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் பேச்சாகவே ஓடிக்கொண்டிருந்தது.

சத்தியமூர்த்தியின் பங்கில் இருந்த அறைக்கு ஒரே சன்னல். சந்துப் பக்கம் பார்த்த மேற்குச் சன்னல். உமையாள் அதன் முன்னால் நின்று கணக்குப் போட்டாள். மேசையை வடக்குச் சுவரோரம் போட்டால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். அறை அருமையாக அமையும். மேசையைச் சன்னலைப் பார்த்துப் போட்டால் காலை முழுக்கக் குளுமையாக இருக்கும். மூன்றரை மணிக்குமேல் சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும். அவருக்கு முக்கியமான பேச்செல்லாம் வெளிநாட்டுக்காரர்களோடு, சாயங்காலம்தான் என்று ஆச்சி சொல்லியிருந்தாள். வெளியே தகரம் இறக்க முடியாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளை சேர்த்துத் தேய்த்த பழைய உள்சுவரைத் துளைத்துத் திரைக்கம்பி மாட்ட யாரும் துணிய மாட்டார்கள்.

"மேசையை மேற்க பாத்துப் போட்டுருவோம். ஆகாசம் பாத்துக்கிட்டே வேலை செய்யலாம்" என்றாள்.

"நீ சொன்னாச் சரித்தா" என்றார் சத்தியமூர்த்தி.

சன்னலின் உள்பக்க மரக்கதவுகளைக் கழற்றி, "வெளிச்சம் வேணும்ல" என்று கண்ணாடி போட்டாள். அறையில் அடுக்கிக் கிடந்த மெத்தை, பாய், துணிமூட்டை எல்லாவற்றையும் வெளியேற்றினாள். மொட்டைச் சுவரும் பூப்போட்ட ஆத்தங்குடித் தரையும் மட்டும் பளபளவென்று மிஞ்சின. ஒரு தும்மல் போட்டால் அறை அதை இரண்டு முறை திருப்பிப் போட்டது. பெட்டக அறையில் கிடந்த பழைய தேக்கு மேசையைத் துடைத்துக் கொண்டுவந்தாள். உட்கார்ந்தால் தோள் காதுவரை ஏறுகிற உயரம். கடைசியாகச் சத்தியமூர்த்தியின் தாத்தா காலத்து நாற்காலி ஒன்று. அதன் முதுகில் விரிந்த தாமரை செதுக்கியிருந்தது. தாமரையின் நடுக்குமிழ், டாக்டர் தையல் போட்ட இடத்திலேயே சரியாகப் போய் முட்டியது.

தச்சர் அருள்பாண்டி தலையைச் சொறிந்தார். "எப்பவும் ஆளை அளந்து மேசைக்காலை அறுக்கச் சொல்லுவீக. இதை இப்படியே விட்டுறவா?"

"இப்படியே இருக்கட்டும்ணே. பழைய சாமான். அறுத்தாப் பாவம்."

'பாவம்' என்று அவள் வாயாலேயே வந்தது. குன்றக்குடி முருகன் அதைக் கேட்டிருப்பான்; கேட்டும் பேசாமல் இருந்தான். நம் கை கெட்டதைச் செய்யும்போது அவன் ஓடிவந்து பிடித்து நிறுத்துவதில்லை. வேறு யார் மூலமாவது பிறகு வருகிறான்.

போட்டோவில் அந்த அறை அரண்மனை போல இருந்தது. பங்காளிகள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் கைதட்டினார்கள். வீட்டில் உமையாளின் ஆத்தாவுக்கு மட்டும் உண்மை தெரியும். "நல்லா வேணும் அவனுக்கு" என்றாள் ஆத்தா, வெங்காயம் உரித்துக்கொண்டே. "அன்னைக்கே மண்ணைத் தூத்திச் சபிச்சேன். சாமி கேக்கலை. எம் மக கேட்டா."

சில வாரம் கழித்து, பிளக் பாயிண்டைச் சரிபார்க்கிறேன் என்ற சாக்கில் உமையாள் கோட்டையூருக்கு டவுன் பஸ் ஏறினாள். உண்மையில் அவள் போனது பார்க்க. தான் நட்டது காய்த்திருக்கிறதா என்று பார்க்க.

காய்த்திருந்தது. சத்தியமூர்த்தியின் கண் சிவந்திருந்தது. நின்றுகொண்டே டைப் அடித்துக்கொண்டிருந்தார். பத்தியில் வைத்து ஆச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சாயங்காலமானாக் கண்ணு எரியுதுங்கிறாரு. அன்னைக்கு அந்த வெள்ளக்காரன், ஏன் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்றீகன்னு கேட்டானாம். வேலை பிந்துதுன்னு கடுதாசி வேற வந்துருக்கு. பயந்து போயிருக்காருத்தா. கண்ணாடியில அட்டை ஒட்டிருவோம்னேன். 'அந்தப் பொண்ணு ஆசையாப் போட்டுக் குடுத்தது, அசிங்கம் பண்ணாத'ன்னு சொல்லிட்டாரு."

உமையாளுக்குத் தேன் குடித்தது போல இருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் தொண்டையில் கொஞ்சம் நின்றது. அதையும் விழுங்கினாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து நித்யஸ்ரீ. நாச்சியாபுரத்தில் இருக்கிற தங்கள் பெரிய வீட்டை, தங்கி வேலை பார்க்க வருகிறவர்களுக்கான இடமாக மாற்றப்போகிறவள். உமையாளுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. "மாமனார் மாமியார் எல்லாரும் இப்பதான் சேர்ந்து உக்காந்திருக்காங்க மேடம். வரைபடத்தைக் காட்டிருங்களேன். நாளைக்கு வேற ஒருத்தர் காட்டுறாங்க."

லேப்டாப் பையில் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். அவள் தவித்ததை உள்ளேயிருந்து சத்தியமூர்த்தி கேட்டுவிட்டார்.

"எங்குட்டு ஓடப் போறே? இங்கயே உக்காந்து பேசுத்தா. நெட்டு நல்லாருக்கு. எனக்கு ஆறு மணிக்குத்தான் மீட்டிங்." தன் கம்ப்யூட்டரை ஓரமாக நகர்த்தி, நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார்.

வேறு வழியில்லை. தான் போட்ட மேசையில் உமையாள் உட்கார்ந்தாள்.

தோள் காதுக்கு ஏறியது. தாமரைக்குமிழ் முதுகெலும்பில் குத்தியது. நாலரை மணிச் சூரியன் திரைக்கு மேலாக வந்து இரண்டு கண்ணிலும் ஊசி ஏற்றியது. தான் வரைந்த கோடுகளே அவளுக்குத் தெரியவில்லை. பேசினால் அறை அவளையே திருப்பிப் பேசியது. எதை எங்கே காட்டுகிறோம் என்று தெரியாமல் சமையலறையைக் காட்டி, "இதுதான் வேலை பார்க்கிற ஹால்" என்றாள். திரையில் நான்கு தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மேடம், அழுகுறீங்களா?" என்றாள் நித்யஸ்ரீ.

"இல்ல... கண்ணுல தூசி."

வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போது திடீரென்று அறை குளிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு மேகம் வந்தது போலக் கண்ணாடி முழுக்க நிழல் விழுந்தது. திரை துலங்கியது. 'முருகா' என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு உமையாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன்பின் அவள் பேச்சு அவளுடையதாக இருந்தது. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. "வேற யாரையும் பாக்கலை மேடம், நீங்களே பண்ணுங்க" என்று நித்யஸ்ரீயின் மாமனாரே சொல்லிவிட்டார்.

லேப்டாப்பை மூடியபின்தான் அவளுக்கு உறைத்தது. மாசி மாதத்தில் மேகம் ஏது? அசையாமல் முக்கால் மணி நேரம் நிற்கிற மேகம் ஏது?

சன்னலருகே போய், கண்ணாடியை மறைத்திருந்த துணியின் ஓரமாகப் பார்த்தாள். வெளியே சந்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல், சத்தியமூர்த்தி நின்றிருந்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பழைய கட்டில் விரிப்பு ஒன்றைச் சன்னலுக்குக் குறுக்கே பிடித்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

உமையாள் வளவைத் தாண்டி, முகப்பைத் தாண்டி, சந்துக்கு ஓடினாள்.

"முடிஞ்சுருச்சா? நல்லாப் பேசுனியா?" என்றார் அவர், விரிப்பை இறக்காமலே.

"என்ன வேலை இது? எறங்குங்க மொதல்ல!"

"எறங்கணும்னுதான் பாக்குறேன். இடுப்பு சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

அவள் தோள் கொடுத்து இறக்கினாள். சுவரோரம் உட்காரவைத்தாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நம்மால் வெறுக்கப்படுகிறவர் நமக்கு நல்லது செய்தால் அதைப் போல ஒரு தொல்லை வேறில்லை.

"ஒங்களை யாரு பிடிக்கச் சொன்னா?"

"சந்துப் பக்கம் வந்தேன். உம் மூஞ்சியப் பாத்தேன். எனக்குத் தெனம் அப்படித்தான். ஆணியடிச்சுத் தொங்கவிடலாம்னா, இது பொதுச்சுவரு. பதினோரு புள்ளியும் சரிங்கிறதுக்குள்ள உம் மீட்டிங் முடிஞ்சுரும்ல." சிரித்தார்.

"தெனம் ஒங்களுக்கு யாரு பிடிக்கிறா?"

"சிகப்பி பிடிக்கிறேன்னா. நாந்தான் வேண்டாம்னேன். ஒரு மனுசி எவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டு நிப்பா?"

உமையாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஆபிஸ்ல எம் பேரு உமா" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். மார்கழி, கூட்டம், அப்பச்சி, எல்லாவற்றையும். "'எல்லாருக்கும்தான் அப்பா இருக்காரு'ன்னு சொன்னீக."

"நானா?"

"நீகதான்."

"ஞாபகம் இல்லையே ஆத்தா."

"எனக்கு இருக்கு. அதனாலதான் ஒங்க ரூமு இப்படி இருக்கு. தெரியாமப் போட்டேன்னு நெனைச்சீகளா? வெயிலு, மேசை, நாற்காலி, எல்லாம் நான் நெனைச்ச மாதிரியேதான் வந்துருக்கு."

பின்னால் டம்ளர் விழுந்து உருண்டது. காப்பியோடு வந்த சிகப்பி ஆச்சி அங்கேயே நின்றுவிட்டாள்.

"அந்த நாற்காலியத் தெரிஞ்சேவா போட்டே?"

"தெரிஞ்சேதான்."

"ஆபரேசன் பண்ணுன எடம்டி அது! அண்ணமிண்டி, அண்ணமிண்டின்னு வாய் நெறையக் கூப்புட்டியே, பாவி!" ஆச்சி சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள். "நீக? சொன்னீகளா, இல்லையா?"

"ஞாபகம் இல்லைங்கிறேன்ல."

"ஞாபகம் இல்லைன்னாச் சொல்லலைன்னு அர்த்தமா? அப்ப ஒங்க வாயி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஆத்தா படுத்துக் கெடந்தப்ப என்னைய எத்தனை நாளு போக விட்டீக?"

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்லியிருப்பேன்" என்றார். "அப்ப நான் அப்படித்தான் இருந்தேன்."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று உமையாள் காத்திருந்தாள். கேட்டால் முகத்தில் அடித்தாற்போல மறுப்பதற்கு ஒரு பதில் இத்தனை வருடமாக அவளிடம் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

"அப்பச்சி கடைசியா என்ன கேட்டாக?" என்றார்.

உமையாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "'உமையா வந்துட்டாளா'ன்னு கேட்டுருக்காக. ஆத்தா, 'வந்துக்கிட்டே இருக்கா'ன்னு பொய் சொல்லியிருக்கா."

சத்தியமூர்த்தி கையிலிருந்த விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தார். ஒழுங்காக மடிக்க வரவில்லை. தோள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவரை அப்படிப் பார்க்கத்தானே அவள் ஆசைப்பட்டாள்? இப்போது பார்த்துவிட்டாள். பார்த்த கண் அவரை அளந்துகொண்டிருந்தது. தொழில் பழகிய கண். அவள் சொன்னாலும் கேட்காது. உட்கார்ந்தால் இவருக்கு முழங்கை எந்த உயரத்தில் வரும், இடுப்புத் தாங்கல் எங்கே வரவேண்டும் என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. ஆறு மணிக்கு மீட்டிங் என்று சொன்னாரே.

அவள் எழுந்து உள்ளே போனாள். "ஆச்சி, மேசையை அங்குட்டுப் பிடிங்க. வடக்குச் சுவத்துக்குத் தள்ளணும்."

ஆச்சி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். தேக்கு மேசை. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள்.

"எறக்குங்க."

"எறக்கிட்டேன்."

"விரல் பத்திரம்."

"எனக்குத் தெரியும்."

மெத்தையும் பாயும் திரும்பி வந்தன. தாமரை நாற்காலி பத்திக்குப் போனது. ஆச்சி தையல் மிஷினுக்கு வைத்திருந்த நாற்காலியைக் கொண்டுவந்து, தலையணை ஒன்றைச் சுருட்டி இடுப்புக்குக் கட்டினார்கள். மேசைக்காலை அறுக்க நேரமில்லை. அவர் பாதம் பதியக் கீழே ஒரு பலகை வைத்தார்கள். ஆறு மணிக்குச் சத்தியமூர்த்தி பேச ஆரம்பித்தபோது, அவர் குரல் ஒரு முறைதான் கேட்டது. உமையாள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். முகப்பு வரை ஆச்சி பின்னாலேயே வந்தாள். 'போயிட்டு வா' என்று மட்டும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு இருட்டு என்று டார்ச்சைக் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் ஆத்தா கேட்டாள். "எப்படி இருக்கான்?"

உமையாள் நடந்ததைச் சொன்னாள். ஆத்தா தோசைக்கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

"அதுக்குள்ள மன்னிச்சுட்டியா?"

"இல்ல ஆத்தா."

"எனக்கு இன்னும் ஆறலைடி."

"எனக்கும்தான் ஆறலை." தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு அருள்பாண்டி அண்ணனைக் கூட்டிட்டுப் போகணும். மேசைக்காலு அறுக்கணும். கழட்டுன மரக்கதவை மாட்டணும்."

"எதுக்குடி? எதுக்கு அவனுக்குப் போய்?"

உமையாள் தோசையை ஒரு விள்ளல் பிட்டாள்.

"அங்க சாயங்காலம் ரொம்ப வெயிலடிக்குது ஆத்தா" என்றாள்.